பதினோரு சிவப்புக் கட்டைகளும் தலைமைக் குமாஸ்தா சிவசைலம் அவர்களும்

தென்காசி மரக்கிடங்கில் முப்பத்தொரு வருஷம் வெயிலையும் சாரலையும் ஒன்றாகவே தாங்கிய தகைமையாளர். எழுத்தறியாத எங்களுக்கு எழுத்தறிவித்த ஏந்தல். இங்கிலீஷ் வினைச்சொல்லின் வாலைப் பிடித்து வசக்கிய வல்லாளர். தலைமைக் குமாஸ்தா, ஆமாம், தலைமைக் குமாஸ்தா திருவாளர் சிவசைலம் அவர்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், 1939-ஆம் வருஷம் ஆடி மாதம் முதல் தேதியில், கிடங்குத் தொழிலாளர் இருபத்து மூவரும் கூடி வாசித்தளிக்கும் மடல் இது!

முறைப்படி இம்மடல் அவரைப் பார்த்தே பேச வேண்டும். ஆனால், "என் மூஞ்சிக்கு நேரே புகழ்ந்தியன்னா மாலையக் கழத்தி வச்சிட்டு எந்திச்சுப் போயிருவேன், பாத்துக்கிடுங்க" என்று நேற்றே சொல்லிவிட்டார். செய்யக்கூடியவர்தான். ஆகையால் அவரை உட்கார வைத்துவிட்டு, சபையோராகிய உங்களிடம் அவர் கதையைச் சொல்லுகிறோம். முன்வரிசையில் மேனேஜர் அய்யாவும் வீற்றிருக்கிறார். வாசல் காவல்காரருக்கு வாழ்த்து என்று மட்டும் போட வேண்டும், தலைமைக் குமாஸ்தா என்ற சொல் வரவே கூடாது என்பது அவர் உத்தரவு. அந்தச் சொல் இதற்குள் மூன்று முறை வந்துவிட்டது. இன்னும் வரும்.

இந்தக் கிடங்கில் ஒரு சட்டம் உண்டு. அன்றன்று கட்டை இழுத்ததையும் ஏற்றியதையும் அளந்ததையும் இங்கிலீஷில் அறிக்கையாக எழுதத் தெரிந்தவனுக்கே நிழலில் வேலை. மற்றவனுக்கு முதுகு ஒடியும்வரை கடப்பாரை. அறிக்கையில் ஓர் எழுத்துப் பிசகினால் போதும், மேனேஜர் அறையிலிருந்து குறுக்குக் கோடு போட்டுத் தாள் திரும்பி வரும். எழுதியவன் மறுபடி வெயிலுக்குப் போவான். நல்ல மூளையுள்ள ஆட்கள் ஒரு 'ஈ'க்கும் ஒரு 'ஒய்'க்கும் தோற்றுப்போவதைப் பார்த்துப் பார்த்து எங்கள் சிவசைலம் அண்ணாச்சிக்கு வயிறு எரிந்தது. மத்தியானச் சோற்று நேரத்தில் அரைமணியை எடுத்துக்கொண்டு, அறுத்த கட்டையின் முகத்தையே பலகையாக்கிச் சுண்ணாம்புக் கட்டியால் பாடம் தொடங்கினார்.

அவர் பாடம் சொன்ன அழகை என்னவென்று சொல்ல! "இழுக்கதுக்கு டிராக்னு எழுது. முன்னால உயிரெழுத்து ஒண்ணு, கடைசியில மெய்யெழுத்து ஒண்ணு. ஒத்தைக் கயித்துல கட்டை நிக்குமாலே? 'இங்'குனு வால் சேக்கதுக்கு முந்தி அந்தக் கடைசி எழுத்துக்கு ரெட்டைக் கட்டுப் போடு. லோடுக்கு வேண்டாம், அங்கன உயிரெழுத்து ரெண்டு நிக்குது, அது தாங்கும்" என்பார். 'மூவ்' என்ற சொல்லுக்கு 'இங்' சேர்க்கும்போது, சத்தங்காட்டாமல் கடைசியில் நிற்கும் 'ஈ'யை வாச்சியால் செதுக்கித் தள்ளச் சொல்வார். சுமப்பதைச் சொல்லும் 'கேரி'யின் 'ஒய்' நடந்து முடிந்த காரியத்துக்கு 'ஐ'யாக வேஷம் மாறும். 'இங்' வந்தால் மட்டும் இடத்தை விட்டு அசையாது. "அது ஏன் அண்ணாச்சி அப்படி?" என்று கேட்டால், "எனக்கு மட்டும் யாரு சொன்னா? இங்கிலீஷ்காரன் வச்ச சட்டம்லே. சட்டத்தத் தெரிஞ்சு வச்சிக்கிட்டாத்தான் அவன் நம்மள ஏய்க்க மாட்டான்" என்பார்.

நான்கு வருஷத்துக்கு முன் ஆனி மாதத்தில்தான் வினை வந்தது. குற்றாலத்து மலையிலிருந்து இறங்கிய சாரல் பத்து நாளாக விடவில்லை. சுண்ணாம்பு எழுத்து எழுத எழுதக் கரைந்தது. ஆகவே மூலையில் கழித்துப் போட்டிருந்த பதினோரு பொந்துக் கட்டைகளில், அடையாளம் போடும் சிவப்புப் பெயிண்டால் பாடம் எழுதினார்கள். போகவேண்டிய துறைமுகத்தின் பெயரைச் சிவப்பில் எழுதியிருந்தால் அது ரயில் வாகனில் ஏறவேண்டிய சரக்கு என்பது எங்கள் கிடங்கு வழக்கம். வண்டி ஏற்றும் பரமசிவன் அன்றைக்குக் காய்ச்சலாய்க் கிடந்து எழுந்து வந்தவன். சிவப்பைப் பார்த்தான், பதினொன்றையும் ஏற்றிவிட்டான். தூத்துக்குடியில் இறங்கிய பொந்துக் கட்டைகளின் முகத்தில் 'இழுத்தான்', 'இழுக்கிறான்', 'சுமந்தான்', 'சுமக்கிறான்' என்று இங்கிலீஷில் எழுதியிருக்க, இவையெல்லாம் எந்த ஊர்த் துறைமுகங்கள் என்று கேட்டு, சரக்கை வாங்கியவர் கடிதம் போட்டார்.

மேனேஜர் அய்யா கொதித்துப்போனார். "எழுதுனது யாருன்னு சொல்லும். ஆளை வெளியே தள்ளிட்டு விட்டுருதேன், உம்ம நாற்காலி உமக்கே" என்றார்.

"எழுதுனது நான்தான்" என்றார் அண்ணாச்சி. "எழுத்துல பிழை இருந்தாச் சொல்லுங்க, திருத்துதேன்."

அன்று சாயங்காலமே பத்தொன்பது வருஷம் உட்கார்ந்த தலைமைக் குமாஸ்தா நாற்காலி போயிற்று. வாசல் காவலுக்கு ஒரு முக்காலி கொடுத்தார்கள். அவருக்கு வலிக்காமலா இருந்திருக்கும்? மூன்று நாள் சோறு இறங்கவில்லை என்று அவர் வீட்டு அம்மாள் கோமதியம்மாள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். ஆனால் மறுநாள் மத்தியானம் நாங்கள் தலையைத் தொங்கப்போட்டு நின்றபோது, "பள்ளிக்கூடம் இடம் மாறிட்டு, அம்புட்டுதான். ஒக்காருங்கலே" என்று வாசலிலேயே பாடத்தைத் தொடங்கிவிட்டார். அடடா, அந்த நெஞ்சழுத்தம் யாருக்கு வரும்!

இன்று அவருக்குக் கிடைத்திருக்கும் சர்ட்டிபிகேட்டில் இரண்டே வரி. வாசல் காவலராக வேலை பார்த்தார். நடத்தையில் குறை உண்டு. கடையநல்லூரில் நெசவாளர் சங்கம் நடத்தும் சேக் மைதீன் அவர்கள், இங்கிலீஷ் கடிதம் எழுதவும் தம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் அண்ணாச்சியைக் கூப்பிட்டிருக்கிறார். இந்த இரண்டு வரியைப் பார்த்தால் அவருடைய சங்கத்தார் என்ன நினைப்பார்கள்? முப்பத்தொரு வருஷ உழைப்பு அந்த ஒரு தாளில் அடிபட்டுப் போகும். அதற்கு நாங்கள் சம்மதிக்க மாட்டோம்.

ஆகவே, அண்ணாச்சி எங்களிடம் வாங்கியிருந்த சத்தியத்தை இந்தச் சபையில் மீறுகிறோம். பதினோரு கட்டைகளிலும் எழுதியது அவர் அல்ல! அன்று பட்டை உரித்துக்கொண்டிருந்தவரும், இன்று வாகன் அறிக்கை எழுதுபவரும், இப்போது இம்மடலை வாசித்துக்கொண்டு நிற்பவருமான முப்பிடாதியம்மாள் எழுதினார். இந்த உண்மையை மடலில் எழுத வேண்டாம், உன் வேலை போய்விடும் என்று நாங்கள் தடுத்தோம். "எம் பழிய அவுக தலையில போட்டுட்டு நாலு வருசமா நிழல்ல ஒக்காந்து சோறு திங்கேன். இன்னைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்தா நான் மனுசியா? நானே வாசிக்கேன், குடுங்க" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டார். அண்ணாச்சி இந்த இடத்தில் எழுந்திருக்கப் பார்ப்பார் என்பது தெரியும். அதற்காகவே பரமசிவனை அவர் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறோம்.

பெருந்தகையீர்! இனித் தங்களை நேராகவே அழைக்கிறோம், கோபித்துக்கொள்ளுங்கள். தாங்களும் கோமதியம்மாளும் நோயற்று, குறைவற்று, நூறாண்டு நிறைவாக வாழ இலஞ்சிக் குமரன் திருவருள் புரிக! தாங்கள் போகும் இடமெல்லாம் பாடம் நடக்கட்டும்!

மேனேஜர் அய்யா அவர்களே, தங்களுக்கும் ஒரு வார்த்தை. புதிய சர்ட்டிபிகேட்டை இருபத்து மூவரும் ஆளுக்கொரு பிரதியாக எங்கள் கைப்பட இங்கிலீஷில் எழுதித் தங்கள் முன்னால் மேசைமேல் வைத்திருக்கிறோம். முப்பத்தொரு வருஷ ஊழியம், தலைமைக் குமாஸ்தா, நடத்தை மிக நன்று. எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். ஒன்றிலும் எழுத்துப் பிழை கிடையாது. முப்பிடாதியம்மாளை வெளியே அனுப்பினாலும், கையெழுத்துப் போட மறுத்தாலும், நாளைக் காலை எங்களில் ஒருவரும் உள்ளே வரமாட்டோம். நாளைய அறிக்கையைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம்.

பேனா மேசைமேல் இருக்கிறது. நாங்கள் காத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
தலைமைக் குமாஸ்தா சிவசைலம் அவர்களிடம் படித்து,
தங்கள் பெயரைத் தாங்களே எழுதியிருக்கும்
கிடங்குத் தொழிலாளர் இருபத்து மூவர்,
தென்காசி.