தாயார் பெயர்

— பர்த் சர்டிபிகேட்டா? எதுக்கு மதலேனா, பொண்ணுக்குக் கல்யாணமா?

— வெளையாடாத அக்கா. ஸ்கூல்ல கேக்குறாங்க. நாளைக்குக் கொண்டு போகணும். ஆபீஸ் விட்டு கிளமெண்டி வீட்டுக்குக் கூடப் போகாம நேரா இங்க வர்றேன்.

— அதான பாத்தேன். இல்லன்னா புக்கிட் மேராவுல என் வீட்டுப் பக்கம் உனக்கு என்ன வேல. இந்தா, தேத்தண்ணி குடி.

— தேத்தண்ணி அப்பறம் லா. மொதல்ல அத எடுத்துக் குடு.

— ரெஜினாவ ஒண்ணாவதுல சேக்கறப்போ ஒரு தடவ கேட்ட. அதுக்கப்பறம் கேக்கவேயில்லையே. இப்போ என்ன திடீர்னு?

— அப்போ குடுத்துட்டு மறுநாளே வீடு தேடி வந்து வாங்கிட்டுப் போன. ஞாபகமிருக்கு. பிள்ளைய எனக்குக் குடுத்த, அவ பேப்பர மட்டும் பீரோவுல வச்சுப் பூட்டிக்கிட்ட.

— பீரோ என்னோடது. பேப்பர்ல இருக்கறதும் என் பேரு.

— அதான் பிரச்சனையே.

— உக்காந்து சொல்லு. நின்னுக்கிட்டே பேசுனா எனக்குக் கழுத்து வலிக்குது.

— இந்த வருஷம் பிரைமரி சிக்ஸ். பரிட்சைக்கு, ஐ.சி. அடையாள அட்டை எடுக்கறதுக்கு, எல்லாத்துக்கும் சேத்து பிள்ளைங்க விவரம் கேக்குறாங்க. வருஷா வருஷம் ஒரு அட்டை வீட்டுக்கு வரும். என்ன இனம், என்ன மதம், வீட்ல என்ன பாஷ பேசுறீங்க, அப்பா என்ன வேல, இப்படி. நான் எழுதி அவ பையில வச்சுடுவேன். இந்தத் தடவ புது டீச்சர். நீங்கல்லாம் பெரிய பிள்ளைங்க, பர்த் சர்டிபிகேட்ட கொண்டு வந்து, அதப் பாத்து உங்க கையாலயே எழுதுங்கன்னு சொல்லிட்டாங்களாம். கிளாஸ்லயே உக்காந்து எழுதணுமாம்.

— சரியாத்தான சொல்லியிருக்காங்க.

— அவ பாத்துடுவா அக்கா. தாயார் பெயர்னு இருக்கற எடத்துல உன் பேரு இருக்கு.

— பின்ன யாரு பேரு இருக்கணும்? பெத்தது யாரு?

— மெதுவா பேசு லா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— ஆமினா பீவிக்குத் தெரியாததா? நான் வயித்தத் தள்ளிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனதயும் பாத்தாங்க, வெறுங்கையோட வந்ததயும் பாத்தாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த கேட்டதில்ல, நல்ல மனுஷி.

— நான் அதுக்காகச் சொல்லல.

— அட்டையில தாயார்னு யாரு பேர எழுதுவ?

— என் பேரத்தான். ஸ்கூல் ஆபீஸ் ரெக்கார்டுல நான் கார்டியன். ஆனா அட்டைய எடுத்து வச்சு யாரும் சரி பாக்கறதில்ல.

— கூடப் பொறந்தவங்க எத்தன பேருன்னு கேட்டிருக்குமே. அதுல?

— விடு அக்கா.

— இல்ல, சொல்லு. தெரிஞ்சுக்கறேன்.

— இல்லன்னு எழுதுவேன்.

— அந்தோனி, ஜோன், சேவியர், மூணு தடிப்பசங்க என் வீட்டுல சோத்துக்கு வரிசையா நிக்கிறானுங்க. மூணு பேரையும் ஒரே கோடா அடிச்சுட்ட. சும்மா சொல்லக்கூடாது, உனக்கு நல்ல கை.

— வேற என்ன எழுதச் சொல்ற? மூணு அண்ணன்னு எழுதுனா அண்ணனெல்லாம் எங்கன்னு கேக்க மாட்டாங்களா?

— சரி, அவ பேர என்ன பண்ணுன? ரெஜினா சிலுவைராஜ்னுதான டீச்சர் தெனம் கூப்புடறாங்க. அப்பா இயேசுதாசன், பொண்ணு பேருக்குப் பின்னாடி என் வீட்டுக்காரர் பேரு. அந்தப் புள்ள ஒரு நாளும் கேக்கலயா?

— கேட்டா. பெரியப்பா உனக்கு ஞானத்தகப்பன், நம்ம வேதத்துல ஞானத்தகப்பன் பேரத்தான் பின்னால சேத்துக்குவாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.

— அடிப் பாவி. லூர்து மாதா கோயில்ல ஞானஸ்நானம் குடுத்தப்போ ஞானத்தகப்பனா நின்னது உன் புருஷன். ஞானத்தாயா நின்னது நீ. என்னையும் அவரையும் அப்படியே தல கீழா நிக்க வச்சுட்டியே. மறைக்கல்வி சிஸ்டர்கிட்ட போயி கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?

— அதயும் கேட்டுட்டா. உங்க குடும்பத்துல அப்படிப் பழக்கம் போலன்னு சிஸ்டர் விட்டுட்டாங்க. இயேசுதாசன் அப்பவே சொன்னாரு, கோர்ட்டுக்குப் போயி முறையா தத்து எழுதிக்கலாம்னு. நீதான் அக்கா தங்கச்சிக்குள்ள கோர்ட்டு எதுக்குன்ன.

— ஆமாடி, சொன்னேன். கையெழுத்துப் போட்டுட்டா அவ எனக்கு யாரோ. உன் பொண்ணுக்கு நான் வெறும் பெரியம்மா. அத கவர்மெண்டு முத்திர குத்தி வேற சொல்லணுமா? ஒரே ஒரு பேப்பர்ல நான் அம்மாவா இருந்துட்டுப் போறேன்னு விட்டேன். அது கூட உனக்கு உறுத்துது.

— உறுத்துதுதான். இல்லன்னு சொல்லல. அவ சிரிச்சா உன்ன மாதிரியே இருக்கு. தேக்கா மார்க்கெட்டுல கறிகா வாங்கப் போனா பூக்காரம்மா உன் பேரச் சொல்லி, பிரிஜட் பொண்ணான்னு கேக்குறாங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது. இங்க வந்தா உன் கோழிக்கறிய ரெண்டு தடவ வாங்கிச் சாப்புடறா. நான் அதே மசாலாவுல வச்சா தொட்டுப் பாத்துட்டு எந்திரிச்சுடறா.

— கோழிக்கறிக்கா பொறாமப்படற? ஞாயித்துக்கெழம பூசையில அவ உன் தோள்ல சாஞ்சுக்கறா. நான் ரெண்டு பெஞ்சு தள்ளி உக்காந்து உன் தோளத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். சாமியார் என்ன பிரசங்கம் வச்சாருன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

— தெரியும். அதான் இப்போ முன்னாடி பெஞ்சுக்குப் போயிட்டேன்.

— வேணும்னேவா?

— வேணும்னேதான்.

— நல்லாருடி. நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. மூணும் பையன். நாலாவதும் பையனாத்தான் இருக்கும்னு நெனச்சுத்தான் பிள்ள இல்லாத உனக்கு வாக்குக் குடுத்தேன். பொண்ணு பொறக்கும்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டேன்.

— நர்ஸ் பொண்ணுன்னு சொன்னப்போ உன் மொகத்தப் பாத்தேன் அக்கா. அதான் நீ வாயத் தொறக்கறதுக்குள்ள துணியோட தூக்கிட்டு வெளியில வந்துட்டேன்.

— ஓடுனன்னு சொல்லு.

— ஓடுனேன். இப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ ஃபோன் பண்ணுனா, திரும்பக் கேக்கப் போறியோன்னு அவரத்தான் எடுக்கச் சொல்லுவேன். அவ இப்பவே என் பேச்சக் கேக்கறதில்ல, ரூம் கதவ சாத்திக்கறா. நாளைக்கு அந்தப் பேப்பரப் பாத்தா, நீ யாரு என்னக் கேக்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டான்னா நான் என்ன பண்ணுவேன்?

— இப்போ நான் என்ன பண்ணணுங்கற?

— குடு, போதும். நாளைக்கு லீவு சொல்லியிருக்கேன். அவளுக்கு முன்னாடி நானே ஸ்கூலுக்குப் போயி டீச்சர்கிட்ட காலப் புடிச்சுக் கேட்டு, நானே எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். சாயந்தரமே உன் பேப்பர் உன் பீரோவுக்கு வந்துடும். அவகிட்ட, பெரியம்மா வீட்டுல இருக்கு, நான் போயி வாங்கிட்டு வர்றேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

— அத அவகிட்ட எப்போ சொன்ன?

— முந்தாநாளு. எதுக்கு?

— ஒண்ணுமில்ல. இந்தா சாவி. பீரோவுல மேல் தட்டு, பட்டுப்பொடவைக்கு அடியில பச்ச ஃபைலு. நீயே எடுத்துக்க.

— அந்தோனியோடது இருக்கு. ஜோன். சேவியர். அவளோடது எங்க?

— நல்லாப் பாரு.

— பாத்துட்டேன் லா. உங்க கல்யாண சர்டிபிகேட் இருக்கு, வீட்டுப் பத்திரம் இருக்கு. அவளோடது இல்ல. அக்கா, எங்க வச்சிருக்க?

— என்கிட்ட இல்ல.

— இல்லன்னா?

— நேத்து மத்தியானம் கதவத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. தொறந்தா ரெஜினா நிக்கிறா. ஸ்கூல் உடுப்போட, தனியா பஸ் புடிச்சு வந்திருக்கா. பெரியம்மா, என் பர்த் சர்டிபிகேட் குடுங்கன்னா.

— குடுத்துட்டியா?

— குடுத்துட்டேன்.

— நேத்தே குடுத்துட்டு, இவ்வளவு நேரம் என்னப் பேச விட்டு வேடிக்க பாத்தியா?

— ஆமா. பன்னெண்டு வருஷமா நீ வேடிக்க காட்டுன. நான் ஒரு சாயந்தரம் பாக்கக் கூடாதா?

— உனக்கு மனசே இல்லையா அக்கா? அவ பிரிச்சுப் பாத்தாளா?

— அந்த நாற்காலியில உக்காந்துதான் பாத்தா. அவ பேரு, தேதி, பொறந்த ஆஸ்பத்திரி எல்லாத்தயும் வெரல வச்சுப் படிச்சா. தாயார் பெயர் வந்ததும் வெரலு நின்னுடுச்சு.

— அழுதாளா?

— இல்ல. மறுபடியும் மொதல்லேருந்து படிச்சா. நானும் அடுப்ப அணைச்சுட்டு வந்து முன்னாடி நின்னேன்.

— எதுக்கு நின்ன?

— உன்கிட்ட சொல்றதுக்கு என்ன வெக்கம். இப்பவாவது ஒரே ஒரு தடவ கூப்புடுவான்னு நின்னேன்.

— கூப்புட்டாளா? சொல்லு அக்கா. உன்ன அம்மான்னு கூப்புட்டாளா?

— நாலா மடிச்சுப் பைக்குள்ள வச்சா. எந்திரிச்சு வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு, "பெரியம்மா, நான் பாத்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அழுவாங்க"ன்னா.