ரேடியேட்டர் பெட்டியின் சின்னக் கதவு

கிரில் அந்திரேயெவிச்,

அறையைச் சூடாக்கும் பழைய ரேடியேட்டரை மறைக்க அதிகம் செலவு செய்ய வேண்டியதில்லை. கொஞ்சம் பொறுமையும், வேண்டாமென்று யாரோ ஒதுக்கிய மரச்சாமானும் இருந்தால் போதும்.

நேற்று நீங்கள் வந்தது இதற்காக அல்ல, தெரியும். தினமும் காலை ஏழு மணிக்கு நான் வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் தட்டித் தூக்கத்தைக் கெடுக்கிறேன் என்று கீழ் வீட்டு ஸோயா புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். வட்டாரக் காவலர் என்ற முறையில் நீங்கள் வந்தீர்கள், வெள்ளைத் தாள் ஒன்றை மேசையில் வைத்தீர்கள். "எதுக்குத் தட்டுறீங்கன்னு நாலு வரி எழுதி வைங்க ரிம்மா பாவ்லொவ்னா, நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்றீர்கள். போகும்போது ஜன்னலுக்கடியில் ரேடியேட்டரை மறைத்திருந்த என் பெட்டியைத் தடவிப் பார்த்தீர்கள். "என் பொண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம். குழந்தைக்குன்னு ஒதுக்குன ரூம்ல ரேடியேட்டர் பல்லை இளிச்சிட்டு நிக்குது. இதை எப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் போன் அடித்துவிட்டது.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதனால் ஒரே கடிதமாக எழுதுகிறேன். உங்கள் தாள் போதவில்லை. கோடு போட்ட நோட்டுத் தாள்களைச் சேர்த்திருக்கிறேன், மன்னிக்கவும்.

முதல் வழி பெயிண்ட். சுவரின் நிறத்தையே அதற்கும் அடித்துவிட்டால் கண் அதைத் தேடாது. வெள்ளிப் பொடி கலந்ததை மட்டும் வாங்காதீர்கள். நம் கட்டடங்களில் எல்லோரும் அதைத்தான் அடித்து வைத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கும். கோடையில், இரும்பு சில்லென்று இருக்கும்போது அடியுங்கள். சூட்டில் அடித்தால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும்.

இரண்டாவது வழி துணித் திரை. நைந்த லினன் விரிப்பு போதும். ஆனால் தூசி சேரும், பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

மூன்றாவது பெட்டி. என் பெட்டியின் முகப்பில் இருக்கிற கம்பிகள் ஒரு தொட்டில் கட்டிலின் பக்கச்சட்டம். பக்கப் பலகைகள் பழைய அலமாரிக் கதவு. மேல் பலகைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் சூடு உள்ளேயே கிடந்து புழுங்கும். குழாயும் திருகுக் குமிழும் இருக்கிற பக்கத்தில் சின்னதாக ஒரு கதவு வையுங்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கைவேலை சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறேன், அந்தக் கதவில் மட்டும் சோம்பல் படாதீர்கள். கை நுழைய வேண்டும், ஒரு கரண்டியும் நுழைய வேண்டும்.

தொட்டில் கட்டிலைக் கொடுத்தது மேல் வீட்டு தயீசியாம்மா. "எடுத்துட்டுப் போடி ரிம்மா, என் பிள்ளை படுத்தது. அவனுக்கே தலை நரைச்சாச்சு, இன்னும் இதைக் கட்டிக்கிட்டு அழறேன்" என்றார். பிப்ரவரியில் இறந்துபோனாரே, அவர்தான். மரணப் பத்திரம் எழுத நீங்களே வந்திருந்தீர்கள். எண்பத்து நாலு வயது, இடுப்பெலும்பு முறிவு, இதயம் நின்றது என்று எழுதினீர்கள். அதில் எதுவும் பொய்யில்லை.

நம் கட்டடத்தில் ஒரே வெந்நீர்க் குழாய்தான் மேலிருந்து கீழ்வரை எல்லா வீட்டையும் கோத்துக்கொண்டு இறங்குகிறது. ஒரு வீட்டில் தட்டினால் மேலும் கீழும் கேட்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் தயீசியாம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததும் நானும் அவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். காலை ஏழு மணிக்குக் கைத்தடியின் இரும்புப் பூணால் அவர் மூன்று தட்டு தட்டுவார்: எழுந்துவிட்டேன் என்று அர்த்தம். ஐந்து தட்டினால், மேலே வா. எதுவானாலும் என் பதில் இரண்டு தட்டு: கேட்டது, வருகிறேன். அவர் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. பெட்டி செய்த பிறகு அதற்கென்று உள்பக்கம் ஒரு ஆணி அடித்தேன், அந்தச் சின்னக் கதவுக்குப் பின்னால்.

என் கணவர் யெஃபீம் பக்கவாதத்தில் ஆறு வருஷம் படுக்கையில் இருந்தார். பேச்சு போய்விட்டது. ஒரு அலுமினியக் கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டுவார். தண்ணீருக்கு, தலையணைக்கு, சும்மாவும். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த மத்தியானம் வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், நான் சந்தோஷப்பட்டேன். அழுதேன், சந்தோஷமும் பட்டேன். அதன் பிறகுதான் வீட்டை அழகுபடுத்த ஆரம்பித்தேன். கரண்டியை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை.

தயீசியாம்மா கெட்டவர் இல்லை. ஆனால் ஐந்து தட்டு வரவரக் கூடிக்கொண்டே போயிற்று. டிவியின் ரிமோட்டைக் காணோம் என்று தட்டுவார், அது மெத்தைக்கடியில் இருக்கும். செத்துப்போன அக்கா கனவில் வந்தாள் என்று தட்டுவார். ஒருநாள் ஈரக் கையோடு ஓடிப்போய் நின்றேன். "ஒண்ணுமில்லடி, அப்பம் சுட்டேன். ஆறுறதுக்குள்ள தின்னு" என்றார். பாலாடைக்கட்டி வைத்த அப்பம். நின்றபடியே மூன்று தின்றேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படி இறங்கும்போது முழங்கால் வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பிப்ரவரியில் அந்த வியாழக்கிழமைதான் பெட்டிக்குக் கடைசிப் பூச்சு வார்னிஷ் அடித்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு மூன்று தட்டு வரவில்லை. எட்டு மணிக்கு ஒன்று வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கணக்கில் இல்லாத தட்டு. இன்னொரு வித்தியாசமும் இருந்தது. நின்றுகொண்டு தட்டினால் மேல் குழாயில் படும், சத்தம் கணீரென்று இருக்கும். இது அடிக்குழாயில், தரையோரமாக, மந்தமாகக் கேட்டது. நாலு வருஷமாகக் கேட்ட காது எனக்கு. அவர் தரையில் கிடக்கிறார் என்று அப்போதே புரிந்துவிட்டது.

வார்னிஷ் முழுக்கக் காயவில்லை. நகத்தால் நெம்பித்தான் சின்னக் கதவைத் திறந்தேன். சாவி ஆணியில் தொங்கியது. அதன் பக்கத்தில் கையை விட்டு, யெஃபீமின் கரண்டியால் இரண்டு தட்டு தட்டினேன். வருகிறேன் என்று.

போகத்தான் இருந்தேன், நம்புங்கள். தேநீரைக் குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். நான் பதில் தட்டியதும் மேலே சத்தம் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் ஒன்றுமே இல்லை. மறுபடி ஒன்று வந்தது, மறுபடி இரண்டு தட்டினேன், மறுபடி நின்றது. அவருக்கு வேண்டியிருந்தது என் முழங்கால் இல்லை, என் பதில்தான் என்று தோன்றியது. தொட்டிலில் அழும் குழந்தை அடுத்த அறையில் அம்மா குரல் கேட்டதும் சும்மா இருக்குமே, அதுபோல. உங்களுக்கும் கூடிய சீக்கிரம் தெரியும்.

அன்று பூராவும் அப்படியே போயிற்று. ஜன்னல் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பெட்டிமேல் விரிக்க ஒரு விரிப்புப் பின்னினேன்.

சனிக்கிழமை மத்தியானம் ரொட்டி வாங்கிக்கொண்டு படியேறும்போது ஸோயா கதவைத் திறந்தாள். மாவுக் கையோடு நின்றாள்.

"அக்கா, மேல தயீசியாம்மா நேத்துலேர்ந்து விட்டு விட்டுத் தட்டுறாங்களே. ஒரு எட்டு போய்ப் பார்க்கட்டுமா?"

"நான்தான் பதில் சொல்லிக்கிட்டிருக்கேனே" என்றேன்.

"ஆமா, அதும் கேட்டுச்சு. நீங்க பார்த்துக்குறீங்கன்னா எனக்கென்ன கவலை. இந்தக் காலத்துல யாரு அக்கா அப்படிப் பார்க்குறாங்க? நானும்தான் இருக்கேனே, மாமியார் தட்டுனா காதை மூடிக்குவேன்" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். கதவைச் சாத்திக்கொண்டாள். அவள்மேல் கோபப்படாதீர்கள். என் பதில் தட்டு இல்லாமல் இருந்திருந்தால் அவள் மேலே ஓடியிருப்பாள், கதவை உடைக்க நாலு பேரையும் கூப்பிட்டிருப்பாள். நான் தட்டியதால்தான் அவள் போகவில்லை. யாருமே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தட்டுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. சில நேரம் பூண் குழாயில் சரியாகப் படாமல் உரசிக்கொண்டு போகும். அதற்கும் பதில் சொன்னேன். சாயங்காலம் இருட்டும் நேரத்தில் ஒன்று கேட்டது. அதன் பிறகு இல்லை. நான் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அந்த விரிப்பின் கடைசி வரிசையைப் பின்னி முடித்தேன்.

திங்கட்கிழமை காலை சாவியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். மற்றது நீங்கள் பார்த்ததுதான். ஜன்னலுக்கடியில், ரேடியேட்டர்மேல் கன்னத்தை வைத்துக் கிடந்தார். அவர் வீட்டு ரேடியேட்டருக்கு மறைப்பு கிடையாது. மூர்மன்ஸ்கிலிருந்து வந்த மகன் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்து முத்தமிட்டான். "நீங்க இல்லன்னா எங்கம்மாவுக்கு யாரு இருந்தா?" என்று தேம்பினான். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் துக்கத்தில் இருந்தான், அப்போது அப்படிச் செய்வது மரியாதையில்லை.

அவர் இறந்த பத்தாம் நாள் காலை ஏழு மணிக்கு மூன்று தட்டு கேட்டது.

மேல் வீடு பூட்டிக் கிடக்கிறது, கதவில் நீங்கள் ஒட்டிய முத்திரைக் காகிதம்கூட இன்னும் கிழியவில்லை. குழாய் சூட்டில் விரிந்தால் அப்படிச் சத்தம் வரும் என்று வெந்நீர்க் குழாய் பார்க்க வருபவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் குழாய்க்கு ஏழு மணி தெரியுமா? யெஃபீமின் குளிர்கால ஃபெல்ட் பூட்ஸ், தடித்த கம்பளியில் செய்தது, இரண்டையும் வெட்டிக் குழாயைச் சுற்றிக் கட்டினேன். குழாய் நுழைகிற ஓட்டையெல்லாம் அடைத்தேன். மறைப்பதற்கு அதைவிட மலிவான சாமான் கிடையாது, ஆனால் உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன், ஏனென்றால் அது பலிக்கவில்லை. ஃபெல்ட்டுக்குள்ளிருந்தும் கேட்கிறது. ஏழு மணிக்கு மூன்று. எட்டு மணியானால் ஒன்று, தரையோரமாக. நான் பதில் சொல்லாவிட்டால் நிற்பதேயில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, கிரில் அந்திரேயெவிச். அதனால்தான் தட்டுகிறேன். ஸோயாவுக்கு என் சத்தம் மட்டும்தான் கேட்கிறதாம், மேலே இருந்து ஒன்றும் கேட்கவில்லையாம். அவளுக்கு வயது குறைவு, தூக்கம் அதிகம்.

குளிர் முடிந்து மே மாதம் ரேடியேட்டர் வெந்நீரை நிறுத்துவார்கள். அதன் பிறகும் கேட்டால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். அவர் விழுந்தது தெரிந்தும், சாவி கையில் இருந்தும், மூன்று நாள் நான் மேலே போகவில்லை. வேறு யாரும் போகாமலும் பார்த்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள், வாதாடப் போவதில்லை. பெட்டியை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள். ஜன்னல் அகலம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான், உங்கள் குழந்தை அறைக்குச் சரியாகப் பொருந்தும்.

ஒரே ஒரு வேண்டுகோள். தயீசியாம்மாவின் பத்திரத்தில் "கவனிக்க ஆளின்றித் தனியே கிடந்து இறந்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை அடித்துத் திருத்திவிடுங்கள். அவர் தனியாக இல்லை. ஒவ்வொரு தட்டுக்கும், கடைசித் தட்டு வரைக்கும், நான் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.