மாதா காலடியில் இருந்த பிலிம் சுருள்

ஓடுகிறோம். மணல் காலை இழுக்கிறது. மன்னார்க் கரை. 1990, ஆடி மாதம். விடிந்து கொஞ்ச நேரம்தான். மேலே ஹெலிகாப்டர். டப டப டப. முதலில் சத்தம். பிறகு நிழல். பிறகு குண்டு.

"படுங்க! எல்லாரும் படுங்க!"

படுத்தோம். என் முந்தானை முடிச்சில் ஒரு பிலிம் டப்பா. கொழுந்தன் சூசை தந்தது. கேமராவோடு பிடிபட்டால் உளவாளி என்பார்கள். அதனால் சுருளைக் கழற்றிவிட்டுக் கேமராவைக் கடலில் எறிந்தார்.

"மதினி, நனையாம பாத்துக்கங்க. ரோஸி புதுநன்மைப் படம் பூரா இதுலதான் இருக்கு."

ரோஸி என் மகள். ஒன்பது வயது. முந்தின ஞாயிறுதான் முதல் நற்கருணை வாங்கினாள். வெள்ளைக் கவுன். கையில் மெழுகுவர்த்தி. அவளுடைய மற்றப் படங்கள் வீட்டோடு எரிந்துவிட்டன.

நானும் வீட்டுக்காரரும் இந்தியாவுக்குப் போகும் படகில் ஏறிவிட்டோம். கொழுந்தன் ரோஸியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஹெலிகாப்டர் திரும்பியது. படகைத் தள்ளிவிட்டார்கள்.

"ஏலே சூசை! பனங்காட்டுக்குள்ள ஓடு! அடுத்த படகுல வந்துரு!" வீட்டுக்காரர் கத்தினார்.

கொழுந்தன் ஓடினார். அவள் தலை அவர் தோளில் ஆடியது. முகம் எங்கள் பக்கம்.

அடுத்த படகு வரவில்லை.

எங்கள் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம் ஆத்தூர். மன்னாருக்குக் கடை வைத்துப் பிழைக்கப் போனவர்கள். திரும்பி வந்து திண்டுக்கல்லில் தங்கினோம். நாகல் நகரில் ஒற்றை அறை. தகரக் கூரை. வீட்டுக்காரர் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். பிலிம் டப்பாவை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தார். பக்கத்தில் தினமும் மெழுகுவர்த்தி எரியும். ரோஸிக்காக.

கழுவிப் பார்க்கலாமா என்று ஒரு தடவை கேட்டேன்.

"வேணாம். படம் வந்தா செவுத்துல மாட்டணும். வாரவுக மாலை எங்கன்னு கேப்பாக. எம்மக உசுரோட இருக்கா."

எனக்கு எதிர்த்துப் பேச வராது. டப்பா அங்கேயே இருந்தது.

2002. அங்கே சண்டை நின்றது என்றார்கள். எங்கள் கோயில் சிஸ்டர் ஒருவர் மன்னாருக்குப் புறப்பட்டார்.

"முகம் தெரியுற மாதிரி ஒரு படம் குடுங்கம்மா. காட்டிக் கேட்டுப் பாக்குறேன்."

வீட்டுக்காரரே டப்பாவை எடுத்தார். ஸ்டுடியோவுக்குப் போனோம். ஸ்டுடியோக்காரர் சிரித்தார்.

"ஏண்ணே, இதென்ன ஊறுகாயா, இம்புட்டு வருசம் ஊறப் போட?"

எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"எடுத்த பிலிமைச் சீக்கிரம் கழுவிரணும்மா. குளுந்த எடத்துல கெடந்தா வருசக்கணக்கா தாங்குறதும் உண்டு. சூடுதான் ஆகாது. தகரத்துக்குக் கீழ, மெழுகுவத்திக்குப் பக்கத்துல… பாப்போம். சொல்ல முடியாது."

மறுவாரம் போனோம். எல்லாம் ஒரே காவி மங்கல். ஒன்றில் மட்டும் ஏதோ இருந்தது. கவுன் தெரிந்தது. மெழுகுவர்த்தியைப் பிடித்த விரல்கள் தெரிந்தன. கழுத்துக்கு மேலே புகை.

சிஸ்டர் பார்த்தார். "முகம் இல்லையேம்மா." ஆனாலும் வாங்கிப் போனார். இரண்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்றார்.

அன்று வீட்டுக்காரரே சுவரில் ஆணி அடித்தார். படத்தை மாட்டினார்.

"மொகமில்லாத படத்துக்கு எவன் மாலை கேப்பான்?"

அதன் பிறகும் மெழுகுவர்த்தி ஏற்றினார். படத்தை விட்டுத் தள்ளி.

மறக்கக் கூடாது, எழுதுங்கள் என்று கோயிலில் சொன்னார்கள். எழுதுகிறேன். போனவை இவை. மன்னாரில் ஒரு வீடு. ஒரு கடை. கொழுந்தன் சூசை. மகள் ரோஸி. முப்பத்தாறு படம். 2006-இல் வீட்டுக்காரரும் போய்விட்டார்.

ரோஸி முகத்தைத் தெரிந்தவள் இந்த ஊரில் இனி நான் ஒருத்திதான். கண் நினைவிருக்கிறது. நெற்றித் தழும்பு நினைவிருக்கிறது. மூக்கு மறந்துகொண்டு வருகிறது.