மூன்றாம் கூட்டத்துக்கு ஒரு தகராறு

உங்கள் விசாரணை அறை நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது, ஐயா. எங்கள் குழு அறையில் இருப்பவை அழகுக்கு வாங்கியவை. உட்கார்ந்தவர் அரைமணியில் எழுந்து போய்விடுவார். அதற்காகத்தான் வாங்கினார்களோ என்னவோ.

அரசுகளுக்கிடையிலான உறவுகள் குறித்த சட்டமன்றக் கூட்டு ஆலோசனைக் குழுவுக்கு நான் பத்தொன்பது ஆண்டுகளாகச் செயலாளர். இந்தப் பெயர் என் மாமனார் வாயில் கடைசிவரை நுழையவே இல்லை. "மாப்பிள்ளை கவர்மென்ட்ல என்னமோ பண்றாரு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

வேலை என்னவென்றால், நம் அரசுக்கும் ஆற்றின் மேல்பக்கத்து அரசுக்கும் நேரடிப் பேச்சு கிடையாது. எந்தக் காலத்திலோ ஒரு மந்திரி இன்னொரு மந்திரியை வாசலில் காக்க வைத்ததில் வந்த வினை. அதனால் அங்கிருந்து வரும் எந்தக் கடிதமும் எங்களிடம்தான் வரும். நான் பிரித்து, எண் போட்டு, உரிய துறைக்கு அனுப்ப வேண்டும். இரு அவைகளிலிருந்தும் பதினான்கு உறுப்பினர்கள். பாதிப் பேர் பிஸ்கட்டுக்காக வருவார்கள், மீதிப் பேர் அதற்குக்கூட வரமாட்டார்கள்.

எங்கள் விதிகளில் ஒன்று கொடுமையானது. விவாதிக்கத் தகராறே இல்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டங்கள் முடிந்தால் குழுவைக் கலைத்துவிடலாம். போன ஆண்டு இரண்டு கூட்டங்கள் அப்படி முடிந்தன. இரண்டு அரசுகளும் திடீரென்று நல்ல பிள்ளைகளாகிவிட்டன. குழு போனால் என்னைக் கால்நடைத் துறையின் பதிவறையில் தூக்கிப் போடுவார்கள். 'செயலாளர் ஐயா' என்று அழைக்கப்பட்டவன் அங்கே போய் மாட்டுத் தடுப்பூசிப் படிவங்களை அடுக்க வேண்டும். பயந்தேன், அதை மறைக்கவில்லை.

மூன்றாம் கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. திங்கட்கிழமை காலை அந்தக் கடிதம் வந்தது. மேல் அணையின் மதகு பழுதாகிவிட்டது, வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்கு முழு நீரையும் திறந்துவிடப் போகிறோம், கரையோர மக்களை அதற்குள் அப்புறப்படுத்துங்கள். மிகவும் மரியாதையான கடிதம். அதுதான் சிக்கல். முறைப்படி அனுப்பினால் நம்மவர்கள் நன்றி சொல்வார்கள், விஷயம் முடிந்துவிடும். நன்றியை வைத்துக்கொண்டு யார் கூட்டம் நடத்துவது?

கடிதத்தைக் கொண்டுவந்த தபால் பிரிவு அம்மா அங்கேயே நின்றார்.

"சார், அவசரம்னு செவப்பு மையில போட்டிருக்கே. நானே கையோட கொண்டுபோய்க் குடுத்துட்டு வரட்டுமா?"

"அவங்களுக்கு எப்பவும் எல்லாமே அவசரந்தாம்மா. வச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

நல்ல மனுஷி. ஒரு தடவை கேட்பார், மறுதடவை கேட்கமாட்டார்.

கடிதத்தை இரண்டாவது இழுப்பறையில், மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன். நான் நினைத்தது இவ்வளவுதான்: தண்ணீர் வரும், கொஞ்சம் வயல் நனையும். சொல்லாமல் திறந்துவிட்டார்கள் என்று நம்மவர்கள் குதிப்பார்கள், சொன்னோமே என்று அவர்கள் குதிப்பார்கள். அருமையான தகராறு, யாருக்கும் பெரிய சேதம் இல்லை.

வியாழனன்று தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வந்தது. அந்த அரசு நேரம் தவறாதது. நாற்பத்தொரு பேர் தண்ணீரோடு போய்விட்டார்கள். மறுநாள் கடிதத்தை எடுத்து, அன்றுதான் கிடைத்தது என்று முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்தேன்.

மூன்றாம் கூட்டத்துக்குப் பதினான்கு பேரும் வந்தார்கள். மேலவைத் தலைவர் மேஜையைத் தட்டினார், கீழவைத் தலைவர் அதைவிடப் பலமாகத் தட்டினார். பிஸ்கட்டை ஒருவரும் தொடவில்லை. சொல்லக் கூடாதுதான், ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குழுவுக்கு ஐந்தாண்டு நீட்டிப்பு கிடைத்தது, எனக்கு இரண்டு உதவியாளர்கள் கிடைத்தார்கள்.

தபால் பிரிவு அம்மாவின் தங்கையும், தங்கையின் இரண்டு பிள்ளைகளும் அந்த நாற்பத்தொன்றில் இருந்தார்கள். விதிப்படி அவருக்கு மூன்று நாள்தான் விடுப்பு. நான் எட்டு நாள் கொடுத்தேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்த அன்று என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"சார், அன்னிக்கு ஒரு லெட்டர் குடுத்தேனே, அது என்னாச்சு?"

"அது வேற விஷயம்மா. நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

என்னிடம் மறுதடவை கேட்கவில்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபமில்லை, துக்கத்தில் இருப்பவர்.

ஆனால் என்னைக் கொலைகாரன் என்று எழுதாதீர்கள், ஐயா. வயல்தானே நனையும் என்று நினைத்த ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான்.

கடிதத்தோடு இருந்த இணைப்பைப் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். பத்தொன்பது ஆண்டில் எந்தக் கடிதத்தையும் நான் இணைப்பைப் படிக்காமல் மூடியதில்லை. இரண்டு பக்கம், தண்ணீரில் மூழ்கப்போகும் தெருக்களின் பட்டியல். பட்டியலின் மூன்றாவது தெருவில்தான் அந்தத் தங்கையின் வீடு. போன வருடம் அங்கே என்னை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். இரண்டாம் பக்கத்தில் எண் விட்டுப்போயிருந்தது. பென்சிலால் போட்டுவிட்டுத்தான் இழுப்பறையை மூடினேன்.