நசுங்குன தட்டுக்கு விளக்கவுரை

என் பாட்டுக்கு ஊரே தப்பா அர்த்தம் பண்ணிடிச்சி. அவ்ளோதான்.

இன்னா முழிக்கிற? இப்ப உன் போன்ல அடிச்சிதே, அந்தப் பாட்டுதான். நான் எழுதுனது. மரியதாஸு, இதே வில்லியனூர்தான். மாதா பாட்டுன்னு நெனச்சி வச்சிகினியா? எல்லாரும் அப்டித்தான் நெனைக்கிறானுங்க. உக்காரு. பாண்டி பஸ்ஸு வர நேரமிருக்கு.

எங்கூட்டுக்காரிக்கு எழுதுனதுப்பா அது. சிரிக்காத.

கானாங்கெளுத்தி மீன் கொழம்பு. உப்பு கம்மி. கம்மின்னா சொல்லணும், இல்ல வாய மூடிகினு துன்னணும். நான் தட்டத் தூக்கி அடிச்சேன். செவுத்துல பட்டு நசுங்கிடிச்சி. அதுவும் அவ அண்ணன் எதிர்லயே. அவ ரெண்டு பொடவைய எடுத்துகினு அண்ணங்கூடவே பண்டசோழநல்லூருக்குப் போயிட்டா. ஞாயித்துக்கெழம பூசைக்கு மட்டும் வருவா, பாட்டுக்குழுவுல நிப்பா. என் பக்கம் திரும்ப மாட்டா.

போயி கூப்புட்டா இன்னாங்கிற? வராதுப்பா. மன்னிச்சிடுன்ற வார்த்த எனக்கு வாயில வராது. பாட்டு வரும். திருவிழா நாடகத்துக்கெல்லாம் எழுதுனவன்... அத வுடு. எழுதுனேன்.

உப்பில்லாத வூட்டுல ஒலை கொதிக்குது
மூணு தட்டும் ஒண்ண ஒண்ணு மொகம் பாக்குது
நசுங்குன தட்டொண்ணு மூலையில கெடக்குது
நீ வருவியோ, வருவியோ...

பாட்டுக்குழு நடத்துற லியோ பிரகாஷ் கிட்ட குடுத்தேன். அவதான பாடப்போறா, பாடுனா புரிஞ்சிக்குவான்னு ஒரு நெனப்பு. யாருக்குன்னு நான் சொல்லல. அவனும் கேக்கல. மெட்டு போட்டு, குழுவ பாடவச்சி ரெக்கார்டும் பண்ணிட்டான். மாதா தேரு பின்னாடி ஊரே பாடிகினு போவுது. அவளும் பாடுறா. கண்ண மூடிகினு, கைய கூப்பிகினு, மாதாவ பாத்து!

அதோட வுட்டானுங்களா? சூசைநாதன்னு ஒரு ரிடையர்டு வாத்தியாரு. பாட்டுக்கு விளக்கம் சொல்றேன்னு கோயில் மண்டபத்துல கூட்டம் போட்டாரு. உப்புன்னா விசுவாசமாம். மூணு தட்டுன்னா மூவொரு கடவுளாம். யோவ், நாலு தட்டு வாங்குனேன், ஒண்ணு போனா மூணுதான? நசுங்குன தட்டு, பாவத்துல வுழுந்த ஆத்துமாவாம். இல்ல, அது யூதாசுங்கிறான் ஒருத்தன். "ஒலை கொதிக்கிறது நரகமா சார்?"னு ஒரு அம்மா கேக்குது. ஆமாங்கிறாரு!

பொறுக்கல. எழுந்துட்டேன். "தட்டுன்னா தட்டுதான்யா. எழுதுன நான் சொல்றேன்"னேன். வாத்தியாரு இன்னா சொன்னாரு தெரியுமா? "எழுதுனவருக்கே தெரியாம தூய ஆவியார் எழுத வச்சிருப்பாரு. நீங்க உக்காருங்க." கை தட்டுறானுங்கப்பா!

உக்காந்துட்டேன். யாரு வூட்டுத் தட்டுன்னு அப்பவே சொல்லியிருக்கணும். எதிர்ல அவ.

பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து அவளே எழுந்தா. "சார், அது எங்க வூட்டு எவர்சில்வர் தட்டு. கொழம்புல உப்பு கம்மின்னு இந்த ஆளு வுட்டெறிஞ்சது." வாத்தியாரு கண்ணாடிய கழட்டித் தொடைக்கிறாரு. அவ வுடல. "மொத நாளு பாடும்போதே தெரியும் சார். வாயத் தொறந்து கூப்புடுறாரான்னு பாத்தேன். மாதாவ தூது அனுப்பிட்டு இவுரு மூணாவது வரிசையில குந்திகினு கீறாரு."

எங்க மூஞ்சிய வச்சிக்கிறது சொல்லு? "வா, வூட்டுக்குப் போவலாம்"னேன். எல்லார் எதிர்லயும். எப்டி வந்திச்சோ.

வந்தா. அதே மீனு, அதே கொழம்பு. எனக்கு எதுல போட்டா தெரியுமா? அந்த நசுங்குன தட்டுல. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது, கொழம்பு ஒரு பக்கமா ஓடுது. உப்பு கேக்குறியா? கம்மிதான். துன்னேன்.

தோ, மறுபடியும் அடிக்குது. எடுக்காத, இரு... நடுவுல ஒத்தக் கொரலா வருது பாரு, கேட்டியா? ம். சரி போ, பஸ்ஸு வந்துடிச்சி. வாத்தியாரு இன்னமும் ஆத்துமாதான்னு சொல்லிகினு கெடக்காரு. கெடக்கட்டும். உன்ன யார்னா கேட்டா சொல்லு. இந்தப் பாட்டுக்கு சரியா அர்த்தம் சொன்னது அவுரு இல்ல, எழுதுன நானும் இல்ல. இப்ப பாடிச்சே, அந்தக் கொரலு.

எங்கூட்டுக்காரி, ரோஸி மேரி.