பக்கவாட்டுச் சிங்கம்

அந்தப் புள்ளி வரவே இல்லையே டாக்டரம்மா. வந்தா அமுக்க மாட்டேனா? பொத்தானைக் கையில வச்சுக்கிட்டு மூச்சைப் புடிச்சுக்கிட்டுத்தானே உக்காந்திருந்தேன். நடுவுல மின்னினது எல்லாத்துக்கும் அமுக்கினேன்ல? ஓரத்துலயும் மின்னிச்சா? நெறையவா? சரி, எத்தனைன்னு சொல்லாதீங்க. மரத்துல தொங்குற வாலை வச்சே சிறுத்தையக் கண்டுபிடிக்கிற ஆளு இவருன்னு எங்க சஃபாரி ஆபீஸ் சுவத்துல என் போட்டோவுக்குக் கீழ எழுதி ஒட்டியிருக்கு. அந்த ஆளு உங்க கண் பரிசோதனைக் கிண்ணத்துக்குள்ள தலைய விட்டு, ஓரத்து மின்மினி ஒண்ணைக் கூடப் புடிக்காம வெளிய வந்திருக்கான். எங்க ஊரு அருஷாவுல இது தெரிஞ்சா டீக்கடையில எனக்கு உக்காரப் பெஞ்சு கிடைக்காது.

எழுத்துப் பலகையக் கடைசி வரி வரைக்கும் படிச்சேன், அதையும் எழுதிக்கங்க. அடியில பலகை செஞ்ச கம்பெனி பேரு பொடி எழுத்துல இருந்துச்சு, அதையும் படிச்சேன். லைசென்ஸ் ஆபீஸ்லயும் இதே பலகைதான். ஒவ்வொரு தடவையும் கை குடுத்து அனுப்புவாங்க. நேரா பாத்தா எனக்கு ஒரு குறையும் இல்ல டாக்டரம்மா. குறையெல்லாம் பக்கத்துலதான்.

எப்பலேர்ந்துன்னா என்ன சொல்றது? கதவைச் சாத்தின மாதிரி ஒரு நாள்ல நடந்ததா? ரெண்டு பக்கத்துலேர்ந்தும் யாரோ திரைய மெல்ல இழுத்துக்கிட்டே வந்திருக்காங்க. நான் வந்த விருந்தாளிங்களுக்கு யானை காட்டிக்கிட்டு இருந்துட்டேன்.

வீட்டுல வேற யாருக்காவதா? அதுக்கு வரேன். மொதல்ல இதைக் கேளுங்க, அப்பத்தான் என் நோவு உங்களுக்குப் புரியும்.

செரெங்கெட்டியில நாங்க ரேடியோவுல சிங்கத்தைச் சிங்கம்னு சொல்றதில்ல, தெரியும்ல? விமானத்துல வரும்போதே எல்லாரும் சுவாஹிலியில சிங்கத்துக்குச் சொல்ற சிம்பாங்கிற வார்த்தையப் படிச்சுட்டு வந்துடுறாங்க. அது காதுல விழுந்தா போதும், சாப்பாட்டைப் பாதியில போட்டுட்டு ஏறி நிப்பாங்க. அதனால மீசைக்காரர்னு சொல்லுவோம். ஒரு நாள் மத்தியானம் கிலேயோ, நம்மாளுதான், அவனும் டிரைவர், கூப்பிடுறான். அத்திமரத்து வளைவுல மீசைக்காரர் படுத்திருக்காரு, வான்னு. போனேன். வண்டிய நிறுத்தினேன். மேல்மூடியத் திறந்துக்கிட்டு ஒரு டச்சுக் குடும்பம் நிக்குது. நான் அத்திமரத்தைப் பாக்குறேன், புல்லைப் பாக்குறேன், தூரத்துல மேட்டைப் பாக்குறேன். ஒண்ணும் இல்ல. சரி, எந்திரிச்சுப் போயிட்டாரு போலன்னு விருந்தாளிங்ககிட்ட ஒரு பிரசங்கம் பண்றேன். காடுன்னா பொறுமை வேணும், இயற்கை நம்ம சொல் பேச்சு கேக்காது, அப்படி இப்படின்னு. பின்னாடி அவங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறாங்க. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு தெரியாம நானும் சேந்து சிரிக்கிறேன். சாவியத் திருப்பப் போறப்போ ரேடியோவுல கிலேயோ கத்துறான். டேய், வண்டிய எடுக்காதடா, வாலு ஒன் டயருக்கு முன்னாடி கிடக்குதுடா.

என் கதவுக்குக் கீழ, டாக்டரம்மா. வண்டி நிழல்ல படுத்திருக்கு. கைய நீட்டினா பிடரியத் தடவி விடலாம்.

அந்த டச்சுக்காரங்க ஊருக்குப் போய் என்ன எழுதினாங்கன்னு நினைக்கிறீங்க? எங்க கைடு பெரிய நகைச்சுவைக்காரர், சிங்கம் காலடியில கிடக்கும்போது இல்லாத மாதிரி நடிச்சாரு பாருங்க, முகத்துல ஒரு சலனம் இல்லன்னு. முதலாளி அதைப் பெருசா அச்சடிச்சு மாட்டிட்டாரு. அடுத்து வந்தவங்க எல்லாரும் அந்த நடிப்பைப் பண்ணிக் காட்டுங்கன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. நடிக்கணும்னா மொதல்ல எனக்குச் சிங்கம் தெரியணுமே.

எங்க டிரைவருங்க எனக்கு வச்ச பேரு கழுத்து. ஏன்னா பக்கத்துல தெரியாததால நான் கழுத்தைத் திருப்பிக்கிட்டே இருப்பேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஓயாம, கோழி இரை தேடுற மாதிரி. அதையும் விருந்தாளிங்க பாராட்டினாங்க. ஒரு நிமிஷம் கூட கண்ணு சும்மா இல்லாத மனுஷன்னு. வீட்டுக்கு வந்தா கழுத்துக்குத் தைலம் தேய்ச்சே என் பொண்டாட்டி கை தேஞ்சுது.

குருவி பாக்க வர்றவங்க இருக்காங்கல்ல, அவங்கதான் என் தெய்வம். நாள் முழுக்க பைனாகுலரை இறக்கவே மாட்டாங்க. பக்கத்துல யானை வந்து நின்னா, தள்ளிக்கோங்கற மாதிரி கைய ஆட்டுவாங்க. பைனாகுலர் வச்சுட்டா எல்லாரும் என்னை மாதிரிதானே? குழாய்க்குள்ளதான் உலகம். அந்தக் குழாய்க்குள்ள நான் ராஜா. விரல் நுனி அளவு குருவியா இருந்தாலும் கழுத்துல இருக்கற கோட்டைச் சொல்லிடுவேன். எழுத்துப் பலகை படிச்ச கண்ணுல்ல.

ஆனா எல்லாருமா குருவி பாக்க வர்றாங்க? ஒரு தடவை ஒரு அம்மா, நல்ல வயசு, தனியா வந்தாங்க. அவங்களுக்கு வேண்டியது சிங்கமும் இல்ல, யானையும் இல்ல. செரெங்கெட்டியில சூரியன் மறையிறதப் பாக்கணும். அது ஒண்ணுக்குத்தான் வந்தேன்னாங்க. எனக்குன்னா வெயில் சாய ஆரம்பிச்சதுமே உலகத்துல யாரோ கரி பூசுற மாதிரி ஆயிடும். நான் என்ன பண்ணேன், வெளிச்சம் இருக்கும்போதே கேம்ப்புக்குக் கொண்டு வந்து கையில டீயையும் பிஸ்கட்டையும் குடுத்துட்டேன். ஏன் இவ்வளவு சீக்கிரம்னாங்க. இந்த நேரத்துல எருமைக்குக் கோபம் வரும் மாமான்னேன், எங்க பக்கம் மாமான்னா அம்மான்னு அர்த்தம். மறுநாளும் அதே. எருமைக்குத் தினமும் கோபமான்னாங்க. ஆமா மாமா, வறட்சி சமயம்னு சொன்னேன். கடைசி நாள் கேம்ப்புல மரத்துக்குப் பின்னாடி சூரியன் போறதப் பாத்துக்கிட்டு, பிஸ்கட்டைத் தொடாம உக்காந்திருந்தாங்க. ஊருக்குப் போய், என்னை ஆட்டுக்குட்டி மாதிரி பட்டியில அடைச்சு வச்சான்னு எழுதினாங்க. சரியாத்தான் எழுதினாங்க. ஒரே சுவத்துல எனக்கு ரெண்டு காகிதம் ஒட்ட வேண்டியது. முதலாளி ஒண்ணை மட்டும் ஒட்டினாரு.

சிரிச்சுட்டீங்களா? இன்னும் பெரிய கூத்து இருக்கு. கேம்ப்புல காவலுக்கு ஒரு மாசாய் இனத்துப் பெரியவர், லோய்பூக்கின்னு பேரு. நெட்டையா, செவப்புப் போர்வை போத்திக்கிட்டு நிப்பாரு. ஒரு நாள் பொழுது சாயுற நேரம், கூடாரத்துக்குப் போற வழியில நிக்கிறாரு. பெரியவரை வணங்காம எப்படிப் போறது? ஷிகமூன்னேன். பதில் இல்ல. மரஹபான்னு அவர் ஏத்துக்காம நான் எப்படி நகர்றது, நீங்களே சொல்லுங்க? நின்னேன். மறுபடி குனிஞ்சு ஷிகமூன்னேன். அப்புறம்தான் மரஹபான்னு குரல் வந்துச்சு. வீட்டுல எல்லாரும் சுகமான்னேன், சுகம்னாரு. மாடுங்க எப்படின்னேன், நல்லாருக்குன்னாரு. மழை, மருமகங்க, பேரங்க, முழங்கால் வலி, ஒண்ணு விடாம கேட்டேன். எல்லாத்துக்கும் மரியாதையா பதில் வந்துச்சு. விடைபெத்துக்கிட்டு ஒரு அடி முன்னால வச்சேன், நெத்தி டணார்னு இடிச்சுது. தண்ணித் தொட்டி. அவரு போர்வையத் துவைச்சு அது மேல காயப் போட்டிருக்காரு. அவரு என் பின்னாடி நிக்கிறாரு. நான் தொட்டிகிட்டப் பேசப் பேச, கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்கறது முறையில்லைன்னு பின்னாடியிருந்தே பதில் சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு மனுஷன். ஏன் ஐயா மொதல்லயே சொல்லலன்னு கேட்டேன். நீ ரொம்ப மரியாதையா பேசிக்கிட்டு இருந்தே, நடுவுல குறுக்கிடக் கூடாதுன்னு இருந்தேன்னாரு.

எங்கப்பாவா? ஆமா, கேட்டீங்கல்ல, மறக்கல. எங்கப்பா டிரைவர் இல்ல, மலைச்சரிவுல காப்பியும் வாழையும் போட்டிருந்தாரு. அவரைத் திமிர் புடிச்சவன்னு ஊரே சொல்லும். பக்கத்துல வந்து நின்னு வணக்கம் வச்சாலும் கண்டுக்க மாட்டாராம். கல்யாண வீட்டுல பொழுது சாயுறதுக்கு முந்தியே, சாப்பாடு போடறதுக்கும் முந்தியே கிளம்பிடுவாரு. ஒரு தடவை வாய்க்கால்ல விழுந்து கிடந்தாரு. வாழைச் சாராயம்னு பேசிக்கிட்டாங்க. எங்கப்பா அதை நாக்குல வச்சதில்ல டாக்டரம்மா. தேவாலயத்துல பாடுற மனுஷன். அவர் சாகுற வரைக்கும் இது ஒரு வியாதின்னு அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. என் கழுத்து திரும்ப ஆரம்பிச்சப்போதான், எங்கயோ பாத்த திருப்பமாச்சேன்னு தோணிச்சு.

ரத்தத்துல வர்றதுதானா இது? அப்படித்தானா. ம்.

இல்ல இல்ல, வண்டி ஓட்டலாம்னு ஒரு கையெழுத்துக்காக நான் உங்ககிட்ட இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருக்கேன்னு நினைச்சீங்களா? அதை விட்டாச்சு. திங்கக்கிழமை சாயங்காலமே சாவியக் குடுத்துட்டேன். சாயங்காலம் நான் எங்க வெளிய போறது, மத்தியானம். முதலாளிகிட்ட கழுத்து வலின்னு சொன்னேன். அவரு அதை நம்பினாரு, எல்லாரும் பாத்த கழுத்துதானே. நீங்க எழுதறத எழுதுங்க, குருடன்னு போட்டாலும் சரி.

ஏன் திடீர்னு விட்டேன்னா, ஞாயித்துக்கிழமை காலையில சர்ச்சுக்குப் போனோம். நான்தான் ஓட்டினேன், பக்கத்து சீட்டுல என் மக. நல்ல வெயில். மார்க்கெட் முக்குல திரும்பறேன், ஒரு பைக் டாக்ஸிக்காரன், கண்ணாடிய ஒரசிக்கிட்டு முன்னால வந்து சாஞ்சு நின்னான். பின்னாடி ஒரு பொம்பள, மடியில குழந்தை. ஒண்ணும் ஆகல, கடவுள் புண்ணியம். அவன் எறங்கி வந்து என் பரம்பரையவே இழுத்துத் திட்டினான். நான் தலையக் குனிஞ்சு வாங்கிக்கிட்டேன். நியாயம்தானே. இதுக்கு மேல ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதுன்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

அவன் போனப்புறம் என் மக கேக்குறா, எங்கேர்ந்துப்பா வந்தான் இவன்னு.

அவன் வந்தது எடது பக்கம் டாக்டரம்மா. அவ ஜன்னல் பக்கம்.

போன் பாக்கல. தூங்கல. நேரா ரோட்டைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. எலிவாசான்னு பேரு. கைடு படிப்பு முடிச்சிருக்கா, வகுப்புல மொத ஆளு. பறவை பேரு நான் ஒண்ணு சொன்னா அவ அதோட குஞ்சு பேரையும் சொல்லுவா. நான் சாவியக் குடுத்தேன்ல, அந்த வண்டிய வர்ற திங்கக்கிழமை அவகிட்டக் குடுக்கப் போறேன்னு முதலாளி சொல்லிட்டாரு. நாலு நாளா அவ அந்த வண்டியத் தொடச்சுத் தொடச்சு வைக்கிறா. நான் பக்கத்துல நின்னு பாக்குறேன். பக்கத்துல நின்னா எனக்கு எங்க தெரியுது, அவ முன்னாடி போய் நின்னு பாக்குறேன். கழுத்து திரும்புதா இல்லையான்னு. எனக்குப் பயமா இருக்கு. ராத்திரி தூக்கம் வரல. ஒருவேளை நான் சும்மா கண்டதை நினைக்கிறேனோ என்னவோ. அன்னைக்கு வெயில் நேரா மூஞ்சியில அடிச்சிருக்கும், அவளுக்குக் கண்ணு கூசியிருக்கும்.

வெளியதான் உக்காந்திருக்கா. அப்பாவுக்குத் துணைன்னு சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்தேன். சன்னலோரப் பெஞ்சுல, மஞ்சச் சட்டை. உங்க கிண்ணத்துக்குள்ள அவ தலையையும் ஒரு தடவை வைக்கச் சொல்லுங்க. வீட்டு ஆளுங்களுக்கும் பாக்கணும்னு நீங்க சொன்னா கேப்பா, நான் சொன்னா குரல்லயே கண்டுபிடிச்சுடுவா.

இல்ல, நர்சை அனுப்ப வேணாம். நீங்களே போங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட வேணாம், செருப்புச் சத்தம் இல்லாம அவளுக்கு எடது பக்கமாப் போய் சும்மா நில்லுங்க. அவளா திரும்பி உங்களைப் பாக்குறாளான்னு பாத்துட்டு வாங்க. கதவைத் திறந்தே வையுங்க, பரவாயில்ல. நான் சுவத்தைப் பாத்து உக்காந்துக்கறேன்.