ஏணியைப் பிடித்த கை

கிட்ட வந்து உட்காருங்க, என் கண்ணுகளா. மழை விட்ட ஒரு நவம்பர் காலையில், ஹாலிஃபாக்ஸ் ஊரில் ஒரே கூரையைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகளின் பின்முற்றத்தில் நடந்த பேச்சு இது. ஒருத்தி எழுபத்தாறு வயது மேவிஸ். இன்னொருத்தி, கூரை ஓரத்து மழைநீர் வாய்க்காலைச் சுத்தம் செய்ய வந்த டெனிஸ். நான் நடுவில் வரமாட்டேன், அவர்களே பேசட்டும்.

— மேல ஏறாமலே சுத்தம் பண்ணிடுவியா? யாருகிட்ட கதை விடற, டெனிஸ்?

— கதை இல்ல மேவிஸம்மா. இந்தக் கம்பு கூரை வரைக்கும் நீளும். நுனியில கேமரா, பின்னால உறிஞ்சற மெஷின். என் கால் ரெண்டும் தரையிலதான்.

— அப்ப வண்டி மேல ஏணி எதுக்கு? அழகுக்கா?

— வேற வழியே இல்லன்னாதான் அதைத் தொடுவேன்.

— தொடாத. என் வீட்டுக்காரர் ஆர்னால்ட் அப்படி ஏறித்தான் விழுந்தார். நாலு மாசம் படுக்கை, அப்புறம் போய்ட்டார். ஏணியைக் கொடுத்த புண்ணியவான் இதோ இந்த மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கான். நார்மன். கொடுத்தவன் கீழ நின்னு பிடிச்சிருக்க வேணாமா?

— அன்னைக்கு யாருமே பிடிக்கலையா?

— யாருமில்ல. பதினோரு வருஷமா அவன்கிட்ட பேச்சில்ல. போன பிப்ரவரியில அவன் பொண்டாட்டி எட்னா செத்தா. அதுக்கும் நான் வாசப்படி தாண்டலை. இப்ப அவன் பக்கத்துப் பாசியெல்லாம் என் பக்கம் வந்து அடைச்சு, படுக்கையறைச் சுவரு சொதசொதன்னு கிடக்கு. நல்லா போட்டோ எடு. வக்கீலுக்குக் கடிதம் எழுதி இதோ பையிலயே வெச்சிருக்கேன்.

— சரி, மெஷினைப் போடறேன். காதைப் பொத்திக்குங்க... ம். மேவிஸம்மா, இந்தத் திரையைப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு குப்பை. ஒரு வருஷத்துக் குப்பை, அவ்வளவுதான். இதுக்கு முன்னாடி யாரை வெச்சு சுத்தம் பண்ணீங்க?

— யாரையும் இல்ல. என் வாய்க்கால் தானா சுத்தமாயிடும்.

— பூனையா அது, தன்னையே நக்கிச் சுத்தம் பண்ணிக்க? பதினோரு வருஷம் விட்டிருந்தா இந்நேரம் மரமே முளைச்சிருக்கும்.

— எனக்கென்ன தெரியும்? வேலையை முடி.

— முடியல. இறங்குகுழாய் வாயில என்னவோ சிக்கியிருக்கு. ஏறித்தான் எடுக்கணும். பயப்படாதீங்க. ஏணியை வாய்க்கால் மேல சாய்க்கமாட்டேன், தாங்கி மாட்டிச் சுவத்துலதான் சாய்ப்பேன். கயிறு கட்ட மட்டும் ஒரு இடம்... அட! இங்க இரும்பு வளையமே இருக்கே. யார் அடிச்சது?

— எந்த வளையம்?

— உங்க சுவத்துலதான், தலைக்கு மேல. ஏணியைக் கட்டறதுக்குன்னே அடிச்சது. உள்பக்கம் கயிறு உரசி உரசிப் பளபளன்னு இருக்கு. அதுக்கு நேர் கீழ ஏணிக்கால் ஊன்ற மாதிரி மட்டம் பார்த்துக் கல்லு பதிச்சிருக்கு, பூந்தொட்டி வெச்சிருக்கீங்களே, அதுதான். வருஷா வருஷம் ஏறியிருக்காங்க, ஒழுங்கா ஏறியிருக்காங்க.

— அந்தக் கல்லை நான் போடலை. ஒரு அக்டோபர்ல, அறுவடைப் பூசைக்கு நாள் பூரா சர்ச்சுல இருந்துட்டு வந்து பார்த்தேன், கிடந்துச்சு. முனிசிபாலிட்டிக்காரன் வேலைன்னு நினைச்சேன்.

— முனிசிபாலிட்டியா? அவங்க தெருக்குழியையே மூடமாட்டாங்க.

— இரு, அந்தப் பூந்தொட்டியை நகர்த்திக் கல்லைப் பாக்கறேன்.

— மேவிஸம்மா? உட்காருங்க. தொட்டியை நான் நகர்த்தறேன்.

— வருஷா வருஷம் அக்டோபர்ல அந்தப் பூசை ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நான் வீட்டுல இருக்கமாட்டேன். அது பக்கத்து வீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

— போட்டோ வேணுமா, வேணாமா?

— வேணாம். இந்தக் கடிதத்தை உன் குப்பைச் சாக்குல போடு. பாசிக்கு அடியில போடு... நார்மன்! ஏய் நார்மன்! அங்கதான் நிக்கறேன்னு தெரியும், உன் இருமல் கேக்குது.

— நிக்கறேன், மேவிஸ்.

— அந்த வளையம் உன் வேலையா?

— ஆர்னால்டுக்கு அன்னைக்கே அடிச்சுக் கொடுத்திருக்கணும். தாமதமாத்தான் அடிச்சேன்.

— ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மடையா!

— நீ கதவைத் திறந்திருந்தா சொல்லியிருப்பேன்.

— பதினோரு வருஷம் ஏறின. இந்த வருஷம் மட்டும் ஏன் ஏறலை? முட்டி வலியா?

— முட்டி நல்லாத்தான் இருக்கு. கீழ நின்னு ஏணியைப் பிடிச்சது எட்னா, மேவிஸ்.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டுச் சுவர் நனையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யார் மேலே ஏறினாலும், கீழே பிடிக்க ஒரு கை இருக்கட்டும்.